பட்டறைக்கு விடிவது எப்போது?

ஆவடி! 1955-இல் சமதர்மப் பாணிச் சமுதாயம் சமைப்போம் என்று காங்கிரசார் தீர்மானம் தீட்டிய திடல் அல்லவா, தோழனே! அதே ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலைக்கு 2021-இல் 118 அர்ஜுன் டாங்கிகளுக்கான ஆணை வந்தது, ரூ.7,523 கோடி. பெருந்தொற்று தந்த மந்தம் மாய்ந்தது, சந்தை எழுந்தது என்று முரசு கொட்டினர். கொட்டட்டும்!

மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் ஆலையைப் பார். அங்கே பிறக்கும் பாலியால் நுரைப்பஞ்சாகிறது, கார் இருக்கையாகிறது, கட்டில் மெத்தையாகிறது. உடன்பிறந்த கிளைகாலோ மருந்துக்கும் போகிறது. மருந்தை மந்தம் எளிதில் தீண்டாது. நோய் நாள் பார்த்தா வருகிறது? வண்டியோ முதல் அடியிலேயே சாயும். 2019 செப்டம்பரில் எண்ணூர் அசோக் லேலண்டு ஆலைக்கு 16 வேலையில்லா நாட்கள் அறிவிக்கப்பட்டன. அம்பத்தூர்ப் பட்டறைகளில் கடைசல் எந்திரங்கள் ஓய்ந்தன.

வண்டி எத்தனை விற்றது என்று எண்ணுவோர், அதற்கு உறுப்பு கடைந்தவனுக்குப் பணம் வந்ததா என்று எண்ணுவதில்லை. அவனிடம் கூலி வாங்குபவன்தானே நாளை மெத்தை வாங்குபவன், மோட்டார் சைக்கிள் வாங்குபவன்! அவன் கை வறண்டால் மணலியின் சரக்கு எங்கே போகும்?

சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தருக என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். காலங்கடத்துவோர், பணம் தந்த பிறகே அதை வரிக்கணக்கில் செலவாகக் கழிக்கலாம் என்ற விதியும் 2024 ஏப்ரலில் வந்தது. நல்ல விதிதான். ஆனால், பெரிய ஆலையின் வாசலில் நின்று "என் பணம் எங்கே?" என்று பட்டறைக்காரன் கேட்பானா? கேட்டால் அடுத்த ஆணை அடுத்த தெருவுக்கல்லவா போய்விடும்! அவனுக்காகக் கேட்க வேண்டியது அரசு. ஆவடி ஆலை அரசின் ஆலை. 45 நாள் கணக்கை அங்கிருந்தே ஊரறியப் பலகையில் எழுதத் தொடங்கட்டும்.