தெய்வ உருவம் தீட்டும் கைகள் இந்நாட்டிலும் வளர வேண்டும்

கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பர். கருவறைக்கு அருகே செல்ல இயலாத முதியவரும், வழியில் செல்லும் தொழிலாளியும் தொலைவிலிருந்தே கைகூப்பி வணங்குவது கோபுரத்தைத்தான். அக்கோபுரத்தில் வீற்றிருக்கும் சுதைச் சிற்பங்களுக்கு உடல் தருபவர் சிற்பி. முகப்பொலிவும் கண்ணின் அருளும் தருவது ஓவியரின் தூரிகை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அந்தத் தூரிகையைப் பிடிக்கும் கைகள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்தே வருகின்றன. அவர்கள் வருவது ஆலயங்கள் பெற்ற பேறு. ஆனால், அவர்களிடம் கற்றுக்கொள்ள இங்கே யாரும் உடன் நிற்பதில்லை என்பதே பெருங்குறை.

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 1827ஆம் ஆண்டிலும், கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் 1873ஆம் ஆண்டிலும் தோன்றியவை. பத்துமலையில் 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகப் பெருமானின் திருவுருவம் உலகமே வியந்து நோக்கும் ஒன்று. இத்தனை நெடிய வரலாறும் இத்துணைப் பெரிய திருப்பணிகளும் கண்ட சமுதாயத்தில், ஒரு தெய்வ உருவத்தை அளவு தவறாமல் வரைந்து வண்ணம் தீட்டக்கூடிய உள்ளூர் இளைஞர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியுள்ளது. 2020இல் கொள்ளைநோய் காரணமாக நாட்டின் எல்லைகள் மூடப்பட்டபோது, வெளிநாட்டுக் கைவினைஞர்களையே நம்பியிருந்த திருப்பணிகள் காத்துக்கிடக்க நேர்ந்தது. அப்போதாவது இக்குறை கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

குடமுழுக்கு 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. இடைப்பட்ட காலத்தில் வெயிலும் மழையும் சும்மா இருப்பதில்லை. ஒரு விரல் உடையும். ஓர் ஆபரணம் உதிரும். முகத்தின் வண்ணம் வெளுக்கும். அப்போது சுவருக்குச் சாயம் பூசுபவரையே அழைத்துப் பளபளக்கும் எனாமல் சாயத்தை மேலுக்கு மேல் பூசிவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பூச்சும் சிற்பி செதுக்கிய நுட்பத்தைச் சிறிது சிறிதாக மூடுகிறது. இமையின் கோடு மறைகிறது, நகக்கண்கள் நிரம்புகின்றன, அபய முத்திரை காட்டும் கை வெறும் கட்டைபோல் ஆகிறது. பக்தியில் குறைவில்லாத ஆலயத்திலேயே இந்நிலை உண்டாகக் காரணம், பயிற்சியின் குறைவே.

உருவம் வரையும் திறமை பிறவியிலேயே அமைவது என்று எண்ணி ஒதுங்குவோர் உண்டு. சிற்ப நூல்கள் அவ்வாறு கருதவில்லை. அவை முதலில் கற்பிப்பது அளவு. நெற்றியின் மயிர் எல்லை முதல் மோவாய் வரை உள்ள முகத்தின் நீளம் ஒரு தாலம். அது 12 அங்குலமாகப் பகுக்கப்படும். சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் 124 அங்குலம் கொண்ட உத்தம தச தாலம். தேவியர்க்கு 120 அங்குலம் கொண்ட மத்திம தச தாலம். விநாயகருக்குப் பஞ்ச தாலம். இங்கே அங்குலம் என்பது அளவுகோலின் அங்குலம் அன்று. அந்தந்த உருவத்தின் உயரத்திற்கேற்ப மாறும் பங்கு. எனவே சிறிய தாளில் கற்ற அளவு பெரிய சுவருக்கும் பொருந்தும். பயிலும் சிறுவர்கள் கண்ணையும் மூக்கையும் முதலில் அழகாக வரைந்துவிட்டு, உடலுக்கு இடம் போதாமல் கால்களைக் குறுக்குவதைக் காண்கிறோம். நடுவே ஒரு நேர்கோடு இட்டு, அதனைப் பங்குகளாகப் பிரித்து, பிறகே உருவத்தைத் தொடங்கினால் இப்பிழை நீங்கும்.

அளவு மட்டும் போதாது. உடல் நிற்கும் முறையும் தெரிய வேண்டும். திரிபங்க நிலையில் ஒரு காலில் பாரம் விழும்போது அந்தப் பக்கத்து இடுப்பு உயர்கிறது; அதே பக்கத்துத் தோள் தாழ்கிறது. இதை அறியாமல் வரைந்தால், குழலூதும் கண்ணன் கீழே விழப்போகிறவன்போல் தோன்றுவான். விஷ்ணு தர்மோத்தரத்தின் சித்திரசூத்திரப் பகுதி, ஆடற்கலை அறியாதவர்க்கு ஓவியக்கலை விளங்காது என்னும் கருத்தை வலியுறுத்துகிறது. இவ்வகையில் இவ்விரு நாடுகளும் வறியன அல்ல. சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949 முதலும், மலேசியாவின் நுண்கலைக் கோயில் 1981 முதலும் பரதத்தை வளர்த்து வருகின்றன. நடனம் பயிலும் இடத்தின் ஓரமாக ஓவிய மாணவர்கள் அமர்ந்து, ஒவ்வொரு நிலையையும் இரண்டே நிமிடங்களில் கோட்டுருவமாக வரைந்து பழகலாம். அரைமண்டியும் கடகாமுக முத்திரையும் தூக்கிய திருவடியும் அப்போது கைக்குள் வந்து சேரும்.

அடுத்தது முகபாவமும் வண்ணமும். துர்க்கையின் சீற்றத்திற்கும் அன்னபூரணியின் கருணைக்கும் ஒரே முகத்தை வரைவது ஓவியமாகாது. கோபுரத்து உருவங்களைக் காண்போர் கீழிருந்தும் தொலைவிலிருந்தும் காண்கின்றனர். ஆகவே புருவமும் இமைக்கோடும் அருகில் பார்க்கையில் சற்று அழுத்தமாகத் தோன்றினாலும், தரையிலிருந்து பார்க்கையில் அவையே பார்வைக்கு உயிரூட்டும். மீனாட்சிக்குப் பச்சை, திருமாலுக்கு நீலம், செவ்வேளுக்குச் செம்மை என்னும் மரபைக் காப்பதுடன், ஒரே நிறத்தின் மெல்லிய, ஆழ்ந்த சாயல்களைக் கலந்து தோளின் திரட்சியையும் ஆடையின் மடிப்பையும் காட்டக் கற்க வேண்டும். டப்பாவில் உள்ள சாயத்தை அப்படியே பூசுவது இதற்கு ஈடாகாது.

நாட்காட்டிப் படத்தைப் பார்த்து வரைந்தால் போதாதா எனச் சிலர் கேட்கலாம். தொடக்கப் பயிற்சிக்கு அது உதவும். அதிலேயே நின்றுவிட்டால் படியின் படியாக உருவம் தேய்ந்துபோகும். கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்ததனாலேயே ஓவியர் சில்பியின் கோடுகளில் கல்லின் உயிர் தங்கியது. தெய்வத் திருமேனியில் அனுபவமற்றோர் கைவைக்கலாமா என்னும் அச்சமும் நியாயமானதே. கண் திறக்கும் கடமை என்றும் ஸ்தபதியாருக்கே உரியது. அதை மாற்ற வேண்டியதில்லை. மாணவர் முதலில் தாளிலும், பிறகு பலகையிலும், அதன்பின் மண்டபச் சுவரிலும் தேர்ந்து, ஸ்தபதியாரின் மேற்பார்வையில் மட்டுமே சாரத்தில் ஏறட்டும். பிழைப்புக்கு இது உதவுமா என்னும் பெற்றோரின் கவலைக்கும் விடை உண்டு. வாகனங்கள், தேர், காவடி, திருவிழாத் திரைச்சீலைகள் என ஆண்டுதோறும் வேலை இருக்கிறது. ஓவியம் கற்றவருக்கு ஆலயத்திற்கு வெளியிலும் தொழில் உண்டு.

ஆலய நிர்வாகங்கள் செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. திருப்பணி ஒப்பந்தத்தில், உள்ளூர் மாணவர் இருவர் அல்லது மூவரை உடன் வைத்துக் கற்பிக்க வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்க்கலாம். கற்பிக்கும் நேரத்திற்கு ஸ்தபதியாருக்குத் தனியே சம்பாவனை வழங்கலாம். பழைய வண்ணத்தைச் சுரண்டுமுன் ஒவ்வொரு சிற்பத்தையும் படமெடுத்து, வண்ண மாதிரியையும் குறித்து வைக்கலாம். நவராத்திரியின்போது ஒருநாள் ஓவியப் போட்டி நடத்திப் பரிசளித்து அனுப்பிவிடுவதற்குப் பதிலாக, அதற்கு முந்தைய மூன்று மாதங்கள் வாரந்தோறும் வகுப்பு நடத்தலாம். தேர்ந்த ஒருவரை 1957 முதல் சிற்பக்கலை கற்பித்து வரும் மாமல்லபுரத்துக்கு அனுப்பி, சிற்பக் கூடங்களைக் கண்டுவரச் செய்யலாம்.

ஆலயத்திற்கு விளக்கும் மணியும் வழங்கும் பெருமக்கள், ஒரு மாணவரின் பயிற்சிச் செலவையும் உபயமாக ஏற்கலாம். அதுவும் திருப்பணியே. சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தில் 12.2.2023 அன்று குடமுழுக்கு நிறைவேறியது. வழக்கப்படி அடுத்தது 2035ஆம் ஆண்டையொட்டி வரும். இன்று பள்ளிப் புத்தகத்தின் ஓரத்தில் வேலும் மயிலும் வரைந்துகொண்டிருக்கும் பிள்ளை அப்போது வளர்ந்த இளைஞராக இருப்பார். சாரத்தின் மேல் ஸ்தபதியாரின் அருகே அவர் நிற்பாரா, கீழே கூட்டத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பாரா என்பது இப்போது ஆலயங்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.