புள்ளியும் பிரம்பும்

முதலாந் தவணையில் உச்சப் புள்ளி பெற்ற மாணவன் பாராட்டப்படுகின்றான். அடுத்த தவணையிற் சற்றே இறங்குகின்றான். கடைநிலையில் நின்றவன் தண்டிக்கப்படுகின்றான். அடுத்த தவணையிற் சற்றே ஏறுகின்றான். பாராட்டுக் கெடுத்தது, பிரம்பு திருத்தியது என ஆசிரியருலகம் நெடுங்காலமாக நம்பி வந்துள்ளது. இந்நம்பிக்கை பெரும்பாலும் கணக்கறியாமையின் விளைவென்பதே எமது கருத்து.

தமிழாசிரியருக்குக் கணக்கில் என்ன அலுவல் எனச் சிலர் வினவலாம். புள்ளிவிபரவியலில் வழங்கும் 'பிற்செலவு' என்னுஞ் சொல்லே எம்மை இங்கு ஈர்த்தது. செலவாவது செல்லுதல், பிற்செலவு பின்னோக்கிச் செல்லுதல். மாணவர் பலர் பிற்செலவுக் கோட்டின் சூத்திரத்தை மனனஞ் செய்கின்றனர். எது, எதனை நோக்கிப் பின்செல்கின்றது என வினவுவார் சிலரே.

1886 ஆம் ஆண்டிலே பிரான்சிஸ் கால்ற்றன் என்னும் ஆங்கில அறிஞர், 205 பெற்றோர் இணைகளினதும் அவர்தம் வளர்ந்த மக்கள் 928 பேரினதும் உயரங்களை ஆராய்ந்து வெளியிட்டார். பெற்றோரின் சராசரி உயரம் பொது நடுவளவினும் 3 அங்குலம் மிகுந்திருப்பின், மக்கள் சராசரியாக 2 அங்குலமே மிகுந்திருக்கக் கண்டார். குள்ளமான பெற்றோரின் மக்களும் அவ்வாறே நடுவளவை அணுகினர். சொல்லின் பிறப்பு இதுவே.

இனி வகுப்பறைக்கு வருவோம். எவரையும் பாராட்டாதுந் தண்டியாதும் விட்ட ஒரு வகுப்பில், இரு தவணைகளிலும் சராசரி 50 எனவும், கோட்டின் படித்திறன் 0.6 எனவுங் கொள்வோம். 80 பெற்றவன் சராசரிக்கு 30 மேலே நிற்கின்றான், 30இன் 0.6 பங்கு 18. ஆதலின் அவனுக்கு எதிர்பார்க்கத்தக்கது 68. 20 பெற்றவனுக்கு எதிர்பார்க்கத்தக்கது 32. புகழ்ச்சியுமில்லை, பிரம்புமில்லை, ஆயினும் ஒருவன் இறங்கினான், மற்றவன் ஏறினான். காரணம் யாது? புள்ளியில் ஆற்றலொடு தற்செயலுங் கலந்துள்ளது. படித்த வினா வந்த நற்பேறும், பரீட்சையன்று வந்த காய்ச்சலும் அடுத்த முறையும் அப்படியே வாரா.

தண்டித்தோரையும், அவரையொத்த தண்டியாதோரையும் ஒப்பிட்டாலன்றிப் பிரம்பின் பயனைக் கூறவியலாது.

மற்றொன்று. கோடு கூறுவது அப்புள்ளி பெற்றோர் பலரின் சராசரியேயன்றித் தனியொருவனின் விதியன்று. இழிவு வர்க்க முறையினால், அதாவது விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறையுமாறு, எவ்வளவு செம்மையாகக் கோடு வரையினும், புள்ளிகள் அதன் மேலுங் கீழுஞ் சிதறியே கிடக்கும். கோட்டுக்கு மேலே எழும் மாணவன் எவ்வகுப்பிலும் உளன்.

எனவே, சூத்திரத்துக்கு முன்னர்ச் சொல்லின் பொருளைக் கற்பிப்போமாக. ஒரு தவணைப் புள்ளியைக் கொண்டு பிள்ளையை மூடனென்றும் மேதையென்றுந் தீர்ப்பிடும் அவசரத்தை விடுவோமாக. விழாக் கொண்டாடும் எமது கல்லூரிக்கு ஆசிரியரும் பழைய மாணவரும் அளிக்கத்தக்க நற்காணிக்கை அதுவேயாகும்.