விடுமுறையிலும் விடைத்தாள்

காலாண்டு விடுமுறை வாரம் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வு வாரம் அன்று. ‘வாத்தியாருக்கு என்ன, லீவு மேல லீவு’ என்ற பேச்சு உண்மைக்கு மாறானது. செப்டம்பர் கடைசியில் தேர்வு முடிந்ததும் விடைத்தாள் கட்டுகள் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. நான்கைந்து பிரிவுகளுக்குப் பாடம் நடத்தும் தமிழாசிரியரிடம் நூற்றைம்பது தாள்களுக்கு மேல் சேரும். கட்டுரையை வரி வரியாகப் படித்து, சந்திப்பிழையைச் சுழித்து, சரியானதை ஓரத்தில் எழுதித் தர ஒரு தாளுக்கே கால் மணி நேரம் பிடிக்கும். அப்படித் திருத்திய தாள்தான் மாணவருக்கு எதையாவது கற்றுத் தரும். வெறும் மதிப்பெண் எதையும் கற்றுத் தராது. பின்னர் இணையதளத்தில் மதிப்பெண் பதிவு, அடுத்த பாடங்களுக்கான பாடக்குறிப்பு. வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் இருப்பவருக்கு வாக்காளர் பட்டியல் வேலை தனி. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, கல்வி சாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தத் தடை விதித்தாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. தேர்வு முடிந்தபின் திருத்துவதற்கென இரண்டு வேலை நாள்களைப் பள்ளிக் கல்வித் துறை ஒதுக்க வேண்டும். மதிப்பெண் பதிவுக்குப் பள்ளி திறந்து ஒரு வாரம் வரை அவகாசம் தர வேண்டும்.

– ஓர் ஆசிரியை, விழுப்புரம்