இதை வித்தா எவ்வளவு கிடைக்கும்?

மார்கழியில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். 24 டிகிரியை ஒட்டி அது கட்டியாகும் என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அம்மா பாட்டிலை வெயில் விழும் ஜன்னல் திண்டில் வைப்பாள், அவசரம் என்றால் கொதிக்கிற உலைமூடியின் மேல் வைப்பாள். தஞ்சாவூர்ப் பக்கம் குளிர்காலம் என்றால் அதுதான். உறைந்த எண்ணெய், வெடித்த உதட்டில் தடவ விரல் நுனியளவு வெண்ணெய், ஈரம் காயாத வாசலில் கோலம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, சீயக்காய் கண்ணில் பட்டு அலறி, குளித்து முடித்தால் மதியம் ஒரு தூக்கம் வரும். பதினாலு வருஷ சாஃப்ட்வேர் வாழ்க்கையில் எந்த அப்ரைசலும் எனக்கு அப்படி ஒரு தூக்கத்தைத் தந்ததில்லை.

அந்தத் தூக்க நேரத்தில் அம்மா தூங்கமாட்டாள். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து ஒயர் கூடை பின்னுவாள். பச்சை மஞ்சள், சிவப்பு வெள்ளை. சிவன் கண் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, பிஸ்கட் முடிச்சு. எத்தனை இழை வெட்டணும், எவ்வளவு நீளம், எந்த வரிசையில் நிறம் மாறும் என்பதெல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும். நான் ஸ்கூலுக்கு டிபன் கொண்டுபோனது அதில்தான். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் பழம் போனதும் அதில்தான். ஒன்றைக்கூட அவள் விற்றதில்லை.

2011-ல் முதல் சம்பளம் வாங்கி ஊருக்குப் போனேன். அம்மா பின்னிக்கொண்டிருந்தாள். "இன்னும் எதுக்கும்மா இதெல்லாம்? கடையில சல்லிசா கிடைக்குது. நான்தான் இப்ப சம்பாதிக்கிறேன்ல?" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன், பெருமையாகக்கூட. அம்மா சிரித்தாள். அடுத்த முறை போனபோது ஒயர் கட்டு பரணில் கிடந்தது.

இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. அதைச் சொன்னவனுக்கும் எதிரானது.

*

சின்னச் சந்தோஷங்களுக்கு மூன்று எதிரிகள் இருக்கிறார்கள்.

முதல் ஆள் விலை கேட்கிறவர். மூன்று வருஷம் முன்பு பெங்களூரில் ஒரு டிசம்பர். ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் அடித்து அடித்து, போன் அதிர்ந்தாலே கை நடுங்கும் நிலைக்கு வந்திருந்தேன். யூட்யூப் பார்த்து குரோஷே கற்றுக்கொண்டேன். முதலில் போட்ட மஃப்ளர் ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் இருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் கடைசித் தையலை எண்ண விட்டிருக்கிறேன். கோடு எழுதுகிறவன் செய்யக் கூடாத அதே தவறு. ஆனால் குரோஷேவில் ஒரு வசதி, நூலைப் பிடித்து இழுத்தால் எல்லாம் அவிழ்ந்து மறுபடி வெறும் நூலாகிவிடும். எதுவும் வீணாவதில்லை, யாருக்கும் மெயில் போடவும் வேண்டாம். ரெண்டு மாதத்தில் கை நடுக்கம் குறைந்தது. அதை ஆபீசில் ஒரு தம்பியிடம் காட்டினேன். பார்த்ததும் அவன் சொன்னது: "செம ப்ரோ, இன்ஸ்டால ஒரு பேஜ் ஆரம்பிங்க. ஆர்டர் வரும்."

அவனும் அன்பாகத்தான் சொன்னான். பிரச்சினையே அதுதான். ஒரு விஷயம் பிடித்திருக்கிறது என்று சொல்ல நம்மிடம் இருக்கும் ஒரே பாராட்டு, "இதை வித்தா எவ்வளவு கிடைக்கும்?" என்பது. நல்லா சமைக்கிறாயா, கிளவுட் கிச்சன் போடு. நல்லா மருதாணி வைக்கிறாயா, கல்யாண ஆர்டர் எடு. விற்க முடியாததைச் செய்தால் நேர விரயம், விற்க முடிவதைச் சும்மா செய்தால் முட்டாள்தனம். வேலையிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்த மூலையிலும் வேலையைக் கொண்டுவந்து உட்காரவைக்கிற புத்தி இது.

கைவேலையை விற்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அது வயிற்றுப்பாடு. நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணிப் போடும் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வேலைக்கு உரிய கூலி கிடைக்க வேண்டும், பேரம் பேசுகிறவன் வெட்கப்பட வேண்டும். நான் சொல்வது வேறு. விற்பது ஒருவரின் தேர்வாக இருக்கலாம், ரசிப்பதற்கான நிபந்தனையாக இருக்கக் கூடாது.

*

இரண்டாவது ஆள் நம் ஆள். சீரியஸான ஆள். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர், நிறைய படித்தவர். "உலகம் எரியும்போது உட்கார்ந்து மஃப்ளர் பின்னுவதா?" என்று கேட்பவர். நானும் அவர்தான், பல வருஷம். நகச்சாயம், ஊதுவத்தி, புது டீ கோப்பை என்று படம் போடுகிறவர்களைக் கிண்டலடித்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். நாம் எதையெல்லாம் அற்பம் என்கிறோம்? பின்னல், கோலம், பூத்தொடுப்பது, தலைக்கு எண்ணெய் தேய்ப்பது. எதையெல்லாம் விட்டுவிடுகிறோம்? நாலு மணி நேரம் கிரிக்கெட் பார்ப்பது, டீக்கடையில் அரசியல் பேசுவது, பைக்கைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குவது. உலகம் எரியும்போது ஐபிஎல் பார்ப்பதா என்று எந்தத் தோழரும் என்னிடம் கேட்டதில்லை. பெண்கள் செய்தால் அற்பம், ஆண்கள் செய்தால் பொழுதுபோக்கு. அவ்வளவுதான் விஷயம்.

இதற்குப் பதிலாக நான் வழக்கமாக ரெண்டு உதாரணங்களை வீசுவேன். ஒன்று, அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டுக் கணினி. அதன் நிரந்தர நினைவகம் கையால் கோக்கப்பட்டது. செம்புக் கம்பி காந்த வளையத்துக்கு உள்ளே போனால் 1, வெளியே போனால் 0. மாசசூசெட்ஸில் ஒரு தொழிற்சாலையில் பெண்கள் உட்கார்ந்து மென்பொருளை நிஜமாகவே நெய்தார்கள். பொறியாளர்கள் அதைப் பாட்டிமார் நினைவகம் என்று கேலியாக அழைத்தார்கள், 1969-ல் அதை நம்பித்தான் நிலவில் இறங்கினார்கள். இன்னொன்று, டைனா டைமினா. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாட்வியக் கணிதவியலாளர். ஹைபர்பாலிக் தளம் என்ற வளைந்த வடிவத்தை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கக் காகித மாதிரிகள் இருந்தன, சீக்கிரம் கிழிந்துவிடும். 1997-ல் அவர் அதைக் குரோஷேவில் பின்னினார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் தையலைக் கூட்டிக்கொண்டே போனால் போதும், துணி தானாகச் சுருண்டு அந்த வடிவத்துக்கு வந்துவிடும்.

சொன்னதும் எதிராளி வாயை மூடுவார். எனக்கும் ஜெயித்த சந்தோஷம். இப்போது அப்படி வாதாடுவதை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அது தோற்றுப்போன வாதம். நிலவுக்குப் போக உதவியதால், கணிதத்துக்கு உதவியதால் பின்னலுக்கு மரியாதை என்றால், எதற்கும் உதவாத என் அம்மாவின் பச்சை மஞ்சள் கூடைக்கு என்ன மரியாதை? மறுபடியும் விலைதான் கேட்கிறோம், ரூபாய்க்குப் பதில் வேறு நாணயத்தில். அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம் பிடித்திருந்தது. அதற்கு மேல் ஒரு நியாயம் தேவையில்லை.

*

மூன்றாவது ஆள்தான் ஆபத்தானவர். அவர் நம்மைக் கிண்டல் செய்யமாட்டார். "யூ டிசர்வ் இட்" என்பார். பில்லையும் கூடவே நீட்டுவார்.

2016-ல் இங்கிலாந்தில் 'ஹூகா' என்ற டேனிஷ் சொல் திடீரென்று பிரபலமானது. கதகதப்பு, நெருக்கம், நிம்மதி எல்லாம் கலந்த ஒரு நிலை. புத்தகங்கள் வந்து குவிந்தன. மெழுகுவர்த்தி, கம்பளிச் சாக்ஸ், மர மேசையில் காபி. பிறகு அது நம் ஊருக்கும் வந்தது. மே மாதச் சென்னையில் ஏசியைப் பதினெட்டில் வைத்துப் போர்வை போர்த்திக்கொண்டு படம் போட்டோம். கோபன்ஹேகனில் டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், அங்கே மெழுகுவர்த்திக்கு ஒரு வேலை இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்றை யாரும் இறக்குமதி செய்யவில்லை. டென்மார்க்கில் வாரத்துக்கு 37 மணி நேரம்தான் வழக்கமான வேலை. வருஷத்துக்கு ஐந்து வாரம் விடுமுறை. நிம்மதி அந்த நேரத்தில் இருந்தது, மெழுகுவர்த்தியில் இல்லை. நமக்கு மெழுகுவர்த்தியை மட்டும் விற்றார்கள். 2023-ல் நாராயண மூர்த்தி, நம் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். அந்த 70 மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சுகிற களைப்பில் ஷீட் மாஸ்க் ஒன்றை முகத்தில் ஒட்டிக்கொள்வதற்கு செல்ஃப் கேர் என்று பேர்.

அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் கூர்மை இருந்தது. ஆட்ரி லார்ட், கறுப்பினக் கவிஞர், புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியபின் எழுதிய கட்டுரைகள் 1988-ல் நூலாக வந்தன. தன்னைப் பார்த்துக்கொள்வதை அவர் ஆடம்பரமாகப் பார்க்கவில்லை. தன்னைப் போன்றவள் உயிரோடு இருக்கக் கூடாது என்று நினைக்கிற உலகத்தில் உயிரோடு இருப்பதற்கான சண்டையாகப் பார்த்தார். அதைத்தான் இன்று தள்ளுபடிக் கூப்பனில் அச்சடிக்கிறார்கள்.

அழகு விஷயத்திலும் இதே கதைதான். 1975-ல் வந்த ஒரு சிவப்பழகு க்ரீம், பல தலைமுறைப் பெண்களிடம் உன் முகம் தப்பு என்று சொல்லியே விற்றது. 2020-ல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தார்கள். நம் வீடுகளும் ஒன்றும் யோக்கியமில்லை. பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைக்கும்போதே "கலர் வரும்டி" என்றுதான் சொல்லி அரைத்தோம். ஆகவே பழசு நல்லது, புதுசு கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. என் அளவுகோல் ஒன்றுதான். இதைச் செய்து முடித்தபின் உடம்போடு சமாதானம் வருகிறதா, இல்லை கண்ணாடி முன்னால் இன்னொரு பரீட்சை எழுதிவிட்டு வருகிறோமா? எண்ணெய் தேய்க்கும் கை மார்க் போடுவதில்லை.

*

"சரி, இதுக்கெல்லாம் யாருக்கு சார் நேரம் இருக்கு?" இதுதான் உருப்படியான கேள்வி. 2019-ல் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. வீட்டு வேலை செய்கிற பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். அம்மாவின் அந்த ஒரு மணி நேரம், அப்பா மேலும் நான் மேலும் கொட்டிய வேலையெல்லாம் போக மிஞ்சியது. எனக்கு வருமானம் வந்ததும் நான் கையை வைத்தது அதில்தான். பாத்திரம் கழுவ ஒரு ஆள் போட்டிருக்கலாம், நானே கழுவியிருக்கலாம். அதெல்லாம் தோன்றவில்லை. அவளுடையதென்று இருந்த ஒன்றைத்தான் தேவையில்லை என்றேன்.

அதனால்தான் இதை ரசனைப் பேச்சாக மட்டும் விட எனக்கு மனசில்லை. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். உலகம் முழுக்க அந்த நாளின் கோரிக்கை எளிமையானது: எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், மிச்ச எட்டு எங்களுக்கு. சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத்திருத்தம் இதே ஊரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்ததும் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மூன்றாவது எட்டு மணி நேரத்தில் என்ன செய்வது என்று அந்தக் கோரிக்கை சொல்லவில்லை. சொல்லாததுதான் அதன் அழகு. படிக்கலாம், சங்கம் வைக்கலாம், கூடை பின்னலாம், மருதாணி காயும்வரை கையை விரித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். அது யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத நேரம். அதை அற்பம் என்று நாமே சொல்லிவிட்டால், பறிக்க வருகிறவனுக்கு வேலை சுலபம்.

*

போன மார்கழியில் ஊருக்குப் போனபோது கடைசியில் கேட்டேன். "ஏம்மா கூடை பின்றத விட்ட?"

"நீதானடா வேண்டாம்னு சொன்ன" என்றாள். கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பரணில் ஏறி ஒயர் கட்டை இறக்கினேன். அம்மாவுக்கு இப்போது விரல் மூட்டில் வலி, முடிச்சை இறுக்க முடியாது. அவள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் பின்னினேன். அடிப்பாகம் நாலு வரிசை வந்ததும் பெருமையாகக் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ரெண்டாவது வரிசையில் ஒரு முடிச்சைத் தொட்டாள்.

"தளர்ந்திருக்கு. பிரி."

பிரித்தேன். மறுபடி அந்த இடத்துக்கு வர ரெண்டு மணி நேரம் ஆனது. வேறு வேலை எதுவும் செய்யவில்லை.