உயிரியலுக்கும் எண் வேண்டும்

உயர்தரத்தில் உயிரியற் பிரிவிற் சேரும் நம் மாணவர், சாதாரண தரத்துடன் கணித பாடத்துக்கு விடைகொடுத்துவிடுகின்றனர். இது நன்றன்று.

பல்லாயிரம் பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டை ஒரே சில்லில் அளக்கும் முறை 'மைக்ரோ அறே' எனப்படும். அவ்வளவீடுகளால், புற்றுநோயாளர் ஒவ்வொருவர்க்கும் ஏற்ற மருந்தை முன்னறியலாமென அமெரிக்க டியூக் பல்கலைக்கழகத்தார் சிலர் 2006இல் அறிவித்தனர். அதனை நம்பி நோயாளரிடம் பரிசோதனையுந் தொடங்கினர். ஹூஸ்ரன் நகரத்துப் பகர்லி, கூம்ஸ் என்னும் புள்ளிவிபர அறிஞர் இருவர் கணக்கை மீளச் செய்து பார்த்தனர். பட்டியலிற் பரம்பரையலகுப் பெயர்கள் ஒரு வரி பிறழ்ந்திருந்தன! 2009இல் பிழைகளை விரித்தெழுதினர். 2010இல் பரிசோதனைகள் நின்றன. 2011இல் அக்கட்டுரை மீட்டுக்கொள்ளப்பட்டது.

நோயாளரைக் காத்தது எண்ணறிவே அன்றோ? ஆதலின், மருத்துவராக விழையும் மாத்தளை மாணவர்க்குப் புள்ளிவிபரவியலையும் நம் கல்லூரி கற்பித்தல் வேண்டும். விழா ஆண்டில் அதனைத் தொடங்குவோமாக.