‘ஏன் சார் 180?’ - கல்வராயன் மலை வகுப்பறைக்கு யூக்ளிட் தேவையா?

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் 180 டிகிரி. கள்ளக்குறிச்சி சந்தைப்பேட்டையிலோ, மலைமேல் வெள்ளிமலையிலோ ஏழாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளையைக் கேட்டால் இதை யோசிக்காமல் சொல்லிவிடும். ‘ஏன் 180? ஏன் 190 இல்லை?’ என்று அடுத்த கேள்வியைப் போட்டால் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒன்று, “புக்குல அப்படித்தான் இருக்கு.” இன்னொன்று, “அளந்து பார்த்தா வரும்.”

அளந்து பார்த்தால் வராது. ஜியாமெட்ரி பாக்ஸில் கிடைக்கும் பிளாஸ்டிக் கோணமானியை வைத்து நாற்பது பேர் நாற்பது முக்கோணம் வரைந்து அளந்தால், 178, 181, 179, 183 என்றுதான் வரும். பிறகு என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் ரப்பரை எடுத்து விடையைத் திருத்திக்கொள்வார்கள். “ஏறக்குறைய 180, அதனால 180” என்று சொல்லி ஆசிரியர் பாடத்தை நகர்த்துவார். தான் கண்ணால் பார்த்ததை அழித்துவிட்டுப் புத்தகம் சொன்னதை எழுதிக்கொள்ள அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. கணிதம் கற்றுத்தர வேண்டியதற்கு இது நேர் எதிரானது.

இதற்கு மாற்று வழி 2,300 ஆண்டு பழையது. கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் யூக்ளிட் தொகுத்த 13 நூல்களின் முறை அது. முதலில் சில விஷயங்களை நிரூபணம் இல்லாமல் ஒப்புக்கொள்வது. அவற்றை மட்டும் வைத்து மற்ற எல்லாவற்றையும் படிப்படியாகப் பெறுவது. ஒப்புக்கொண்டவை எடுகோள்கள், பெற்றவை தேற்றங்கள். யூக்ளிட் எடுத்துக்கொண்ட எடுகோள்கள் ஐந்துதான். முக்கோணத்தின் 180 டிகிரி அவருடைய முதல் நூலில் 32-வது கூற்றாகத்தான் வருகிறது. அதற்கு முந்தைய கூற்றுகளைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

‘இதெல்லாம் காலேஜ் சமாச்சாரம், ஏழாம் வகுப்புக்கு எதுக்கு?’ என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கட்டமைப்பு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ‘மாமா’ என்றால் யார்? அம்மாவோடு பிறந்தவர். ‘கூடப்பிறந்தவர்’ என்றால்? அதே அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர். ‘அம்மா’ என்றால்? அங்கே நின்றுவிட வேண்டும். மற்ற உறவுமுறை எல்லாம் அதிலிருந்து கிளைக்கின்றன. ஆடு புலி ஆட்டம் தெரிந்த பிள்ளைக்கு இன்னும் எளிது. மூன்று புலி, பதினைந்து ஆடு, புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம், ஆடு தாண்டக் கூடாது. ‘ஆடு ஏன் தாண்டக் கூடாது?’ என்று யாரும் வாதம் செய்வதில்லை. விதியை ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறார்கள். உட்கார்ந்த பிறகு, ‘இந்த நிலையில் புலி மாட்டிக்கிச்சு’ என்பதை விதியைக் காட்டியே நிறுவுகிறார்கள். ஊர்ப் பெரியவர் சொன்னார் என்பதற்காகப் புலி மாட்டிக்கொள்வதில்லை.

வாட்ஸ்அப் கர்ணம்

காரணம் கேட்கும் பழக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிதாகரஸுக்கு முன்பே தமிழர் கண்ட கர்ணச் சூத்திரம் என்று ஒரு பழம்பாட்டு வாட்ஸ்அப்பில் வரும். வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம் என்ற பெருமையோடு வரும். செங்கோண முக்கோணத்தின் நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளிவிட்டு, உயரத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் என்பது அதன் சாரம்.

3, 4 என்று போட்டுப் பாருங்கள். 4-இல் எட்டில் ஏழு பங்கு 3.5, 3-இல் பாதி 1.5, ஆக 5. சரி. 5, 12 போட்டால் 10.5 கூட்டல் 2.5, ஆக 13. அதுவும் சரி. இரண்டு உதாரணம் சரியாக வந்ததும் பெரும்பாலானவர்கள் ஃபார்வர்டு பொத்தானை அமுக்கிவிடுகிறார்கள். 8, 15 போட்டால்? 13.125 கூட்டல் 4, ஆக 17.125. உண்மையான விடை 17. 7, 24 போட்டால் 24.5 வருகிறது, வர வேண்டியது 25. கையில் கருவி இல்லாத தச்சருக்கும் கொத்தனாருக்கும் இது நல்ல தோராயம். அந்த அளவில் பெருமைப்படவும் செய்யலாம். ஆனால் இது தேற்றம் அல்ல. இரண்டு உதாரணத்துக்குப் பொருந்துவதற்கும் எல்லா முக்கோணத்துக்கும் பொருந்துவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட, எட்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

ஐந்து ஒப்பந்தங்கள் போதும்

ஏழாம் வகுப்பில் யூக்ளிடின் ஐந்து எடுகோள்களையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் அதைவிட மோசம் எதுவும் இல்லை. என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பில் யூக்ளிட் வடிவியலுக்கு ஒரு தனிப் பாடமே வைத்தது. பல பள்ளிகளில் அதுவும் ‘எடுகோள்களை எழுதுக’ என்ற இரண்டு மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிப்போனது. கட்டடத்தின் கடைக்காலைப் படமாகக் காட்டிவிட்டு, மேலே ஒரு செங்கல்லைக்கூட வைக்கவிடாத பாடம் அது.

மாறாக, வகுப்பே சேர்ந்து ஐந்து விஷயங்களை ஒப்புக்கொள்ளலாம். இரண்டு புள்ளி வழியாக ஒரே ஒரு நேர்க்கோடு. ஒரு கோட்டின்மீது இன்னொரு கோடு நின்றால் இரண்டு பக்கக் கோணமும் சேர்ந்து 180. ஒரு புள்ளி வழியாக ஒரு கோட்டுக்கு ஒரே ஓர் இணைகோடு. இணைகோடுகளைக் குறுக்குவெட்டி வெட்டினால் ஒத்த கோணங்கள் சமம். இரண்டு பக்கமும் இடைப்பட்ட கோணமும் சமமானால் முக்கோணங்கள் சர்வசமம். கணித மேதைகள் இதில் குறை கண்டுபிடிப்பார்கள். இந்த ஐந்தில் ஒன்றை இன்னொன்றிலிருந்து பெறலாமே, இவற்றுக்கு அடியில் சொல்லாமல் விட்டவை இருக்கின்றனவே என்பார்கள். இருக்கட்டும். யூக்ளிடின் முதல் கூற்றிலேயே ஓட்டை இருந்தது: இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் என்று அவர் படத்தைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார். அந்த மாதிரி ஓட்டைகளை அடைத்து டேவிட் ஹில்பர்ட் புத்தகம் போட்டது 1899-இல்.

இனி கோணமானியை மூடி வைத்துவிடலாம். இரண்டு கோடுகள் கத்தரிக்கோல் போல வெட்டிக்கொள்கின்றன. குத்தெதிர்க் கோணங்கள் ஏன் சமம்? முதல் கோணமும் பக்கத்துக் கோணமும் சேர்ந்து 180. அதே பக்கத்துக் கோணமும் எதிர்க்கோணமும் சேர்ந்தும் 180. பொதுவானதைக் கழித்துவிட்டால் மிச்சம் சமம். முடிந்தது. இதற்கும் ஒத்த கோணத்துக்கும் முடிச்சுப் போட்டால் ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பது வந்துவிடுகிறது. முக்கோணத்தின் உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு போட்டால், அடியிலுள்ள இரண்டு கோணங்களும் மேலே வந்து உச்சிக் கோணத்தின் இரு பக்கமும் உட்கார்ந்துகொள்கின்றன. மூன்றும் சேர்ந்து ஒரு நேர்க்கோடு. 180. இப்போது ரப்பர் தேவையில்லை. கோணமானி 178 காட்டினால் கோணமானியையோ கையையோதான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்துதான் சுவாரசியமான இடம். “ஒன்றுவிட்ட கோணம் சமம்னு எப்படித் தெரியும்?” ஒத்த கோணத்தால். “ஒத்த கோணம் சமம்னு எப்படித் தெரியும்?” அது தெரியாது, ஒப்புக்கொண்டோம். இந்தப் பதிலைச் சொல்ல ஆசிரியருக்குத் தயக்கம் இருக்கும். ஆனால் சொல்லியாக வேண்டிய பதில் இதுதான். ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கும் பிள்ளைக்கு வகுப்பில் உள்ள உலக உருண்டை போதும். வட துருவத்திலிருந்து 90 டிகிரி இடைவெளியில் இரண்டு தீர்க்கக் கோடுகள் நிலநடுக்கோட்டுக்கு இறங்குகின்றன. மூன்று முனையிலும் செங்கோணம். கூட்டினால் 270. அங்கே அந்தக் கோடுகளுக்கு இணைகோடே கிடையாது. விதி மாறினால் ஆட்டம் மாறுகிறது. இணைகோட்டு எடுகோளை மற்றவற்றிலிருந்து நிறுவ அறிஞர்கள் இரண்டாயிரம் ஆண்டு முயன்று தோற்றார்கள். அது முடியாது என்பதற்கான வழி லோபசெவ்ஸ்கி, போல்யாய் ஆகியோரால் 19-ஆம் நூற்றாண்டில்தான் திறந்தது.

பட்டாவுக்குள் இருக்கும் முக்கோணம்

கல்வராயன் மலையில் இந்தப் பாடத்துக்கு இன்னொரு கனம் உண்டு. இங்கே வாழும் மலையாளி பழங்குடியினர், கேரளத்தவர் அல்லர். தமிழ் பேசும் மலைமக்கள். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மண் இது. வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது. கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது. நிலமும் அதன் எல்லையும் இந்த மலையில் வெறும் பாடப் புத்தகக் கணக்கல்ல.

சர்வே எப்படி நடக்கிறது? எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தை எடுத்துப் பார்த்தால், வயலுக்குள் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு ஓடும். சர்வேயர் நான்கு ஓரத்தை மட்டும் அளந்துவிட்டுப் போவதில்லை. ஏன்? நான்கு ஈர்க்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் கொண்டு ஒரு நாற்கரம் செய்து அழுத்தினால் அது சாயும். பக்க அளவு மாறாது, பரப்பு மாறும். நடுவில் ஒரு குச்சி கொடுத்து இரண்டு முக்கோணமாக்கினால் அசையாது. மூன்று பக்கமும் தெரிந்தால் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான் என்ற ‘ப-ப-ப’ விதிதான் புலப்படத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கூரைக்குக் கைமரம் ஏற்றுகிறவருக்கும் கதவுச் சட்டத்துக்குக் குறுக்குக் கட்டை அடிக்கிற தச்சருக்கும் இது கைவழக்காகத் தெரியும். மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில் இதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு நாள் வகுப்புக்கு அழைத்தால் போதும்.

1802-இல் சென்னை பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றை அளந்துதான் மாபெரும் முக்கோணவியல் அளவையைத் தொடங்கினார். ஒரு பக்கத்தை அளந்தாகிவிட்டால் அடுத்தடுத்த முக்கோணங்களுக்குக் கோணமே போதும். ‘கோ-ப-கோ’ விதியை நம்பித்தான் நாட்டையே வரைந்தார்கள்.

மலைக்கே உரிய கேள்வி ஒன்றும் உண்டு. சரிவில் சங்கிலியைத் தரையோடு இழுத்தால் நீளம் அதிகமாக வரும். ஆவணத்தில் ஏறுவது கிடைமட்ட அளவு. 30 டிகிரி சரிவில் 100 மீட்டர் நடந்தால் கணக்கில் வருவது சுமார் 86.6 மீட்டர்தான். “என் நெலம் கொறஞ்சுபோச்சு” என்று தாத்தா கோபப்படும்போது, கர்ணம் எப்போதும் மற்ற பக்கத்தைவிடப் பெரியது என்று பேத்தியால் எடுத்துச் சொல்ல முடிந்தால், அதே பேத்தியால் உண்மையிலேயே குறைத்து அளந்த இடத்தையும் கண்டுபிடிக்க முடியும்.

எதிர்ப்பில் உள்ள நியாயம்

எழுதப் படிக்கவே தடுமாறும் பிள்ளைகளிடம் தேற்றமா என்று ஆசிரியர்கள் கேட்பதை அலட்சியப்படுத்த முடியாது. மலைப்பள்ளிகளில் இரண்டு மூன்று வகுப்பை ஒருவரே சேர்த்து நடத்தும் நிலை புதிதல்ல. ஆய்வும் அவசரப்பட வேண்டாம் என்கிறது. 1957-இல் நெதர்லாந்தின் பியர் வான் ஹீல், டீனா வான் ஹீல் தம்பதி காட்டியது இது: வடிவத்தை முழுதாகப் பார்ப்பது, பண்புகளைப் பிரித்தறிவது, பண்புகளுக்குள் உறவு காண்பது என்ற படிகளைத் தாண்டாமல் முறையான நிரூபணத்துக்குத் தாவினால் பிள்ளை மனப்பாடத்துக்கு ஓடிவிடும். 1960-களில் மேலை நாடுகளின் ‘புதிய கணிதம்’ பட்ட பாடும் நினைவில் இருக்க வேண்டும்.

ஆனால் இப்போது நடப்பதும் மனப்பாடம்தானே? பத்தாம் வகுப்பு வினாத்தாளில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்ற நிலையில் மெல்லக் கற்போருக்கு இந்த 16-ஐ முதலில் பிடித்துக் கொடுக்கிறார்கள். அடிப்பக்கமும் உச்சிக் கோணமும் கொடுத்து முக்கோணம் வரையச் சொன்னால் பிள்ளை வட்டம் போட்டு அழகாக வரைந்துவிடும். அந்த வட்டம் எதற்கு வந்தது என்று கேட்டால் தெரியாது. தேல்ஸ் தேற்றத்தை ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதும். முக்கோணத்தின் பெயரை ABC-யிலிருந்து PQR என்று மாற்றினால் திகைத்துவிடும். காரணம் கேட்பதை ஆறாம் வகுப்பிலிருந்து தள்ளிப்போட்டதன் வட்டி இது.

யூக்ளிட் முழுவதையும் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஹான்ஸ் ஃப்ராய்டென்தால் சொன்னதுபோல் சிறு பகுதியை மட்டும் ஒழுங்குபடுத்திப் பார்த்தால் போதும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்காக 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. அதில் ஒரு வகுப்பை ஈர்க்குச்சிக்கும் ஒன்றை உலக உருண்டைக்கும் கொடுக்கலாம். கணக்கு நோட்டில் வலது ஓரம் ஒரு கோடு போட்டு ‘எதனால்?’ என்று ஒரு பத்தி ஒதுக்கலாம். சுவரில் ஒரு கொடிவழிப் படம் ஒட்டி, மேலே ஐந்து ஒப்பந்தம், கீழே அதிலிருந்து பிறந்தவை என்று வாரம் ஒரு கிளை வளர்க்கலாம். தேர்விலும் ஒரு கேள்வி மாற வேண்டும்: கலைத்துப் போட்ட ஐந்து வரிகளை வரிசைப்படுத்தி, எந்த வரி எதை நம்பி நிற்கிறது என்று எழுதச் சொல்வது. தேர்வில் வராத எதுவும் வகுப்பறையில் நிலைக்காது.

இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. சிரமம் ஆசிரியர் பயிற்சியில்தான். குறுவள மையக் கூட்டத்தில் அரை நாள் ஒதுக்கி, ஆசிரியர்களையே “ஒத்த கோணம் சமம்னு யார் சார் சொன்னது?” என்று ஒருவரையொருவர் கேட்டுப் பார்க்கச் சொல்லலாம். அந்தக் கேள்வியை அதிகப்பிரசங்கித்தனம் என்று எடுத்துக்கொண்டு பிள்ளையை உட்கார வைக்காத அளவுக்காவது அவர்கள் அங்கே பழக வேண்டும்.