தனியே சாப்பிடும் பிள்ளை

திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் பீகார், ஒடிசாவில் இருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அந்தப் பிள்ளைகளும் இங்கே தமிழ் படிக்கிறார்கள். பேச்சு திக்கினால் கேலிதான்! வீட்டில் சொல்லலாம் என்றால், பெற்றோர் 'ஷிப்டு' முடிந்து வர இரவாகிவிடும்.

வாத்தியார்தான் கவனிக்க வேண்டும். சாப்பாட்டு மணி அடித்ததும் வெளியே வந்து பாருங்கள். தனியே தட்டோடு உட்கார்ந்திருப்பது யார்? அடிக்கடி 'லீவு' போடுவது யார்? கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஆனால், கேட்டால் மட்டும் போதாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? சாதித் தொல்லை தாங்காமல் ஒரு மாணவன் பள்ளிக்கு வராமல் நின்றான். ஆசிரியர்கள் விசாரித்தார்கள். சொன்னான். அன்று இரவே அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு.

ஆகவே, விசாரித்த அன்று அந்தப் பிள்ளை யாருடன் வீட்டுக்குப் போகிறது என்றும் பாருங்கள்.